அரை டம்ளர் அரிஷ்டம்

அரிஷ்டம் என்று நர்ஸம்மா சொன்னபோது சம்பூர்ணம் தன் செருப்பின் விட்டுப்போன வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் தைக்கக் கொடுத்துவிடலாமா, இன்னும் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு நடக்கலாமா என்பதுதான் அந்த நேரத்து யோசனை. பெரியாஸ்பத்திரியின் குடிநோய்ப் பிரிவுக்கு மாதம் ஒருதரம் புருசன் தண்டபாணியைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். டாக்டரம்மா பார்ப்பதற்கு முன்னால் கூடத்தில் வீட்டாட்களை உட்கார வைத்து நர்ஸம்மா பேசுவது வழக்கம். அந்தப் பேச்சை அவள் ஒருதரமும் கேட்டதில்லை. முதல்முறை வந்தபோது அண்ணன் செல்வராசு உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து, "குடிச்சா செத்துப்போயிருவானாம், வேற ஒண்ணுமில்ல" என்று முழுப் பேச்சையும் ஒரே வரியில் முடித்துவிட்டான். அதற்கப்புறம் பேச்சு நடக்கிற நேரமெல்லாம் அவள் ரத்தம் பார்த்த ரிசல்ட்டு வாங்கும் ஜன்னலில் நிற்பாள். எல்லாரும் பேச்சுக்கு உட்கார்ந்திருக்கையில் அங்கே கூட்டம் இருக்காது, சீக்கிரம் வாங்கிக்கொண்டால் மத்தியானத்துக்குள் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாம் என்பது அவளுடைய சாமர்த்தியம். இன்றைக்கு மெஷின் ரிப்பேர் என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். வேறு போக்கில்லாமல் உட்கார்ந்தாள். "பிராந்தி, பீர் மட்டும் இல்லைம்மா. குடியை நிறுத்தறதுக்குக் குடுக்கற இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஆல்கஹால் எந்த ரூபத்துல உள்ள போனாலும் முகம் செவந்துரும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், வாந்தி வரும், பிரஷர் இறங்கி ஆளே போயிரலாம். சில இருமல் மருந்துல இருக்கும், வாய் கொப்பளிக்கிற மருந்துல இருக்கும், ஓமியோபதி சொட்டுல இருக்கும், அரிஷ்டத்துல இருக்கும்." முன்வரிசையில் நீலச் சேலைக்காரி ஒருத்தி, "அரிஷ்டமுங்களா? அது வகுத்துக்குக் குடிக்கற நாட்டு மருந்துங்களே" என்றாள். "புளிக்க வெச்சுத்தானே செய்யறாங்க? புளிச்சா சாராயம் தன்னால ஊறும். பாட்டில்லயே பொடியெழுத்துல போட்டிருக்கும், பாருங்க." அப்படியானால் பிள்ளை பெற்றவள் எல்லாம் குடிகாரிதானா என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, கூடமே சிரித்தது. சம்பூர்ணத்தின் வாயும் கூடவே சிரித்தது. சிரித்த பிறகுதான் அவள் சேர்ந்து சிரிக்கக்கூடாத ஆள் என்பது அவளுக்குத் தெரிந்தது.

பொடியெழுத்து. பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்கிறவள் அவள். துணியை விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, ஒரு தையல் தவறியது, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது, சூப்பர்வைசரே சொல்லுவான், "சம்பூர்ணக்கா பாத்தாச்சுன்னா மறுபடி பாக்க வேண்டாம்" என்று. அந்தக் கண்தான் அந்தப் பாட்டிலை எத்தனை தரம் கையிலெடுத்தது, மூடியைத் திருகியது, வெளிச்சத்தில் தூக்கி எவ்வளவு மிச்சம் என்று பார்த்தது. எழுத்துப் பக்கம் திரும்பவே இல்லை. மருந்துப் பாட்டிலில் என்ன படிக்க வேண்டியிருக்கிறது? அரிஷ்டம் என்றால் அரிஷ்டம். மகள் ஓவியா பிறந்தபோது அவளே குடித்திருக்கிறாள், வெல்லமும் துவர்ப்புமாக நாக்கில் ஒரு காரம் தங்கும், குடித்ததும் உடம்பு லேசாகச் சூடாகும், அம்மா சொல்லுவாள் ரத்தம் ஊறுது என்று. ரத்தமா ஊறியது. இந்த மனுசன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது தோளெலும்பு சட்டைக்குள் ஹேங்கர் மாட்டியதாகத் தெரிந்தது. இரண்டு வாய் சோறு, அப்புறம் தட்டைத் தள்ளிவிடுவார். அண்ணிதான் சொன்னாள், அரிஷ்டம் வாங்கிக் குடு, பசி எடுக்கும் என்று. அண்ணி சொன்னாள் என்று இப்போது அண்ணி தலையில் கட்டுவதா? வாங்கினது யார், ஊற்றினது யார். முதலில் இரண்டு மூடி ஊற்றித் தண்ணீர் கலந்து கொடுத்தாள். "மூஞ்சி காந்துது புள்ள, தலை கனமா இருக்குது" என்றார். மருந்து பிடிக்குதுங்க என்றாள். அவள் எத்தனை நிச்சயமாகச் சொன்னாள்! பெரிய வைத்தியச்சி. ஆடி நோம்பிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கறி எடுத்திருக்கிறது, இவர் நாலு வாய் கூடச் சாப்பிடட்டுமே என்று, மூடியெல்லாம் எதற்கு என்று, அரை டம்ளராக ஊற்றிக் கொடுத்தாள். ஆசையாகத்தான் கொடுத்தாள்.

கறி வேகிறதுக்குள் கடைக்குப் போய்க் கொத்தமல்லித் தழை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். அது வேறு. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இத்தனை ஆகியிருக்காது. கடைக்குப் போனவர் திரும்பி வரும்போது முகம் செங்கல் நிறத்தில் இருந்தது, கண் ரத்தமாக, கழுத்து வரைக்கும் சிவப்பு, வாசற்படியிலேயே வாந்தி. கொத்தமல்லித் தழையை மட்டும் கையிலிருந்து விடவில்லை. கறி வாசத்துக்கு அன்றைக்கு அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். இன்னது நடந்தால் இன்னது என்று மாத்திரை கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்களே, முகம் சிவந்தால் குடித்திருக்கிறான் என்று அர்த்தம். அதில் யாருக்கு என்ன சந்தேகம்? "குடிக்கலை புள்ள. சாமி சத்தியமாக் குடிக்கலை." குடித்த நாளிலெல்லாம் இதே வாய்தான் இதே சத்தியத்தை இதே ராகத்தில் பண்ணியிருக்கிறது. அண்ணன் சட்டையைப் பிடித்தான், ஒரு அறை விட்டான், இரண்டாவது அறையை அவள் தடுக்கவில்லை. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து, ஓவியாவைக் கூப்பிட்டு, அவள் தலைமேல் கையை வைக்கப் போனார். "என்ற புள்ள தலையத் தொடாதீங்க." அது அவள் குரல்தான். ஓவியா அழவில்லை. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, வாசலில் கிடக்கிற அப்பனை ஆறு வயதிலிருந்து தூக்கிப் பழகியது, உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேராக நீட்டியது. "பாருங்கப்பா. நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க." அவர் பார்த்தார். அதுவரைக்கும் குடிக்கலை குடிக்கலை என்று கத்திக்கொண்டிருந்த மனுசன் கண்ணாடியைப் பார்த்ததும் வாயை மூடிவிட்டார். அந்த நிமிசம் சம்பூர்ணத்துக்கு என்ன ஒரு திருப்தி. மாட்டினியா என்று. வெளியில் சொல்ல முடியாது, ஆனால் இருந்தது, இப்போதும் அந்தத் திருப்தியின் ருசி நினைவிருக்கிறது.

அப்புறம் கயிறு. முனியப்பன் கோயிலில் பூசாரி கையால் கட்டின கறுப்புக் கயிறு, இனித் தொடமாட்டேன் என்று சூடம் அணைத்துக் கட்டினது, அவர் வலது மணிக்கட்டில். சத்தியம் முறிந்த பிறகு கயிறு எதற்கு என்று, கைப்பையிலிருந்து கம்பெனி டிரிம்மரை எடுத்து, நூல் வெட்டுகிற அந்தக் குட்டிக் கத்திரியால், ஒரே வெட்டு. பிசிறு இல்லாமல் வெட்டினாள். நெஞ்சு அடிக்குது புள்ள, ஆஸ்பத்திரிக்குப் போலாம் என்றார், கிடங்க, போனாப் போகட்டும் என்றாள். பிரஷர் இறங்கி ஆளே போயிரலாம். நர்ஸம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் போயிரும் என்று சொல்கிற மாதிரி. அன்றைக்கு ராத்திரி அவர் விடிய விடியப் பாயில் புரண்டதும், அவள் கதவுப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதும், அந்த மூச்சு ஒரு இடத்தில் நின்று நின்று வந்ததும். போயிருந்தால்? குடித்துச் செத்தான் என்றுதானே ஊர் சொல்லியிருக்கும். அவளும் அதையேதான் சொல்லி அழுதிருப்பாள். தான்தான் கொன்றது என்று தெரியாமலே மாரில் அடித்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் பத்து வருசக் கதையைச் சொல்லியிருப்பாள். முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டாள். மறுநாள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, அவர் வேன் ஓட்டுகிற ஸ்கூலின் மேனேஜருக்குப் போன் பண்ணினாள். வேறு யாரும் பண்ணவில்லை, அவளேதான். "சார், அவருகிட்ட வேனைக் குடுக்காதீங்க. மறுபடி குடிச்சுப்போட்டாரு. கொழந்தைங்க சமாச்சாரம்." சரியாகத்தானே செய்தாள். அன்றைக்கு அவளுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். சரியாகச் செய்தாள் என்பதை இப்போது எந்தக் குப்பையில் கொண்டுபோய்க் கொட்டுவது?

"தண்ணி புடிச்சுட்டு வந்தேன். வெளிய பைப்புல நல்ல தண்ணி வருது." தண்டபாணி பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றார். பேச்சு ஆரம்பிக்கும்போதே வெளியே போனவர், ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். கேட்டிருக்க மாட்டாரா? முகத்தைப் பார்த்தாள். காக்கிச் சட்டை போட்டிருக்கிறார். காலையில் எழுந்து தானே தேய்த்துப் போட்டுக்கொண்டது, காலர் மடிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. இன்றைக்கு டாக்டரம்மாவிடம் கேட்கப் போகிறார். வண்டி ஓட்டலாம் என்று ஒரு வார்த்தை டாக்டரம்மா சொல்லிவிட்டால் வேனைத் திரும்பக் கொடுக்கிறேன் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார், அதற்காகத்தான் இந்தக் காக்கி. பஸ்ஸில் வரும்போதும் டிரைவர் கியர் மாற்றுகிறதையே பார்த்துக்கொண்டு வந்தார். "என்ன புள்ள, மூஞ்சி ஒரு மாதிரி செவந்து கெடக்குது?" என்று கேட்டார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், கொதிக்கிறது. "வெயிலுங்க" என்றாள். மார்கழி மாதம், ஆஸ்பத்திரிக் கூடத்துக்குள், வெயிலாம். அவர் நம்பிவிட்டார். ஆண்கள் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, இடது கைக் கட்டைவிரலால் வலது மணிக்கட்டைத் தேய்க்கத் தொடங்கினார். கயிறு இருந்த இடம். அவர் சிவந்த முகத்தோடு நின்றபோது வெயில் என்று அவரும் சொல்லியிருக்கலாம், அவருக்கு அதுகூடத் தோன்றவில்லை.

சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? அன்றைக்கே காலியான பாட்டில் தாள் உரிந்து, நல்லெண்ணெய் ஊற்றி அடுப்பு மேடையில் நிற்கிறது. அண்ணிக்கு மறந்தே போயிருக்கும். மனுசனும் நன்றாகத்தான் இருக்கிறார், ஆடிக்கப்புறம் குடிப் பேச்சே இல்லை, தினம் காலையில் அவள் மாத்திரையைக் கையில் வைத்தால் விழுங்கி, சொல்லாமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறார், அவளும் துணி பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்கிறாள். ஒருவேளை அந்த ஞாயிற்றுக்கிழமை பயத்தில்தான் குடிக்காமல் இருக்கிறாரோ? அந்தப் பயத்தைப் பிடுங்கிவிட்டால் திரும்பவும் கடைப் பக்கம் கால் போய்விட்டால்? குடிக்காததுக்கே இந்த அடி, அப்புறம் குடித்தால்தான் என்ன என்று தோன்றிவிட்டால்? அப்படியானால் சொல்லாமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது. அவருக்கு நல்லது, குடும்பத்துக்கு நல்லது, ஓவியாவின் பரீட்சை முடிகிற வரைக்குமாவது. எவ்வளவு அழகாக வந்து வரிசையில் நிற்கின்றன காரணங்கள், ரேசன் கடையில்கூட இத்தனை ஒழுங்கு கிடையாது. சம்பூர்ணம் தன்மேலேயே எரிச்சலாகி இருமினாள். அவருக்காகவா சொல்லாமல் விடப் பார்க்கிறாள்? இந்தக் கல்யாணத்தில் அவளுக்கென்று மிஞ்சினது ஒன்றே ஒன்றுதான், நியாயம் அவள் பக்கம் என்பது. நகை போச்சு, தூக்கம் போச்சு, அக்கம்பக்கத்து மரியாதை போச்சு, ஆனால் யார் வந்து கேட்டாலும் பாவம் சம்பூர்ணம், நியாயம் அவ பக்கம் என்பார்கள். அதை மட்டும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள். அதையும் இன்றைக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயம். அவர் குடித்துவிடுவார் என்கிற பயம் இரண்டாவதுதான்.

ஆனால் அந்த மனுசன் மறுநாள் சொன்னது. அதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரமாகச் செருப்பையும் காக்கிச் சட்டையையும் சுற்றிக்கொண்டிருக்கிறாள், ஆனாலும் அங்கேயேதான் வந்து நிற்கிறது. மறுநாள் முகம் வெளுத்து, உதடு காய்ந்து, சமையலறை வாசலில் வந்து நின்று, "குடிச்சிருப்பனாட்ட இருக்குது புள்ள" என்றார். "எங்க குடிச்சேன், ஆரு குடுத்தாங்கன்னு ஒண்ணும் ஞாபகம் வர மாட்டீங்குது. மூஞ்சிதான் காட்டிக் குடுத்துருச்சே." குடித்த காலத்தில் அப்படி ஆகியிருக்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. அவளுடைய அப்பா செத்தபோது பாடை தூக்கி மயானம் வரைக்கும் வந்துவிட்டு, மறுநாள் மாமனாரை எப்ப எடுக்கறாங்க என்று கேட்டவர். மொபெட்டைச் சந்தையில் விட்டுவிட்டு இரண்டு நாள் திருட்டுப்போச்சு என்று தேடினவர். அப்படிப்பட்டவரிடம் நீ குடித்தாய் என்று நாலு பேர் சொன்னால் அவர் எதை வைத்து இல்லை என்பார்? தன் மூளையைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்ல முடியாது, அது பொய்ச்சாட்சி சொல்கிற மூளை என்று அவருக்கே தெரியும். ஆக ஒத்துக்கொண்டுவிட்டார். அடுத்த மாதம் இங்கே, குடியை விட்டவர்களுக்கு டாக்டரம்மா தனியாக நடத்தும் கூட்டத்தில் எழுந்து நின்று, நான் சறுக்கிட்டனுங்க என்று எல்லார் முன்னாலும் சொன்னார், எல்லாரும் கைதட்டினார்கள், டாக்டரம்மா உண்மையை ஒத்துக்கொண்டதற்காகப் பாராட்டினார்கள். சம்பூர்ணமும் தட்டினாள். குடிக்காத குடிக்கு அவர் அவமானப்பட்டு நின்றபோது கைதட்டினவள்.

இதே கட்டிடத்தில்தான் மாடியில் அவரைச் சேர்த்திருந்தது. குடியை நிறுத்தின மூன்றாம் நாள் கை கால் நடுங்கி, போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று ஒன்றொன்றாகப் பொறுக்கிப் போட்டார், ஒரு எறும்பும் கிடையாது. கட்டிலோடு துணியால் கையைக் கட்டினார்கள். நடுக்கம் அடங்க ஊசி, மாத்திரை, மஞ்சளாகச் சத்து மருந்து கலந்த குளுக்கோஸ் என்று ஏறிக்கொண்டே இருந்தது. அந்த மயக்கத்திலும் கட்டின கைக்கு எட்டின மட்டும் கியர் மாற்றிக்கொண்டிருந்தார். காலால் பிரேக்கை அழுத்தினார். "மெதுவா எறங்கு கண்ணு, பையைப் பாத்து. கதவு சாத்தியாச்சா? அந்தச் சின்னப்பொண்ணு ஏறியாச்சா?" பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடச் சிரித்தார்கள், நர்ஸம்மாவும் சிரித்தாள், டிரைவரண்ணா எங்க ஸ்டாப்பு வந்தா சொல்லுங்க என்று. அவளுக்கு அழுகைதான் வந்தது. புத்தி கெட்டுப் போன நேரத்திலும் இந்த ஆள் ஒரு குழந்தையையும் ரோட்டில் விடவில்லை. அந்த ஆளின் கையிலிருந்துதான் அவள் சாவியைப் பிடுங்கினாள். இப்போதும் வேன் வருகிற நேரத்துக்குக் குளித்து முடித்துக் கேட்டோரம் போய் நிற்கிறார். புது டிரைவர் வளைவில் வேகமாகத் திருப்புகிறான் என்று முனகுவார். குழந்தைகள் ஜன்னலில் கையாட்டும், இவரும் ஆட்டுவார், வேன் போன பிறகும் கொஞ்ச நேரம் கை அந்தரத்தில் நிற்கும், பிறகு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வருவார். ஓவியா அந்த நேரத்தில் தின்பண்ட டப்பாவை மூடிப் பைக்குள் வைத்து அவரைத் தாண்டிக்கொண்டு போகும். அப்பா என்று அந்த வாய் கூப்பிட்டது ஆடியில், கண்ணாடியை நீட்டினபோதுதான் கடைசி. அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது. அந்தப் பிள்ளை கண்ணாடியைத் திரும்ப எங்கே கொண்டுபோய் மாட்டும்.

"தண்டபாணி, வீட்டாளு கூட வாங்க." பெயரைக் கூப்பிட்டதும் அவர் எழுந்து சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார், அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே டாக்டரம்மா சிறு வயது, கண்ணில் தூக்கம் போதாத களைப்பு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, தூக்கம் உண்டா, கை நடுக்கம் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்து, எல்லா மாதமும் கேட்கிற கேள்விக்கு வந்தார்கள். "கடைசியா எப்ப குடிச்சீங்க?" அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். "ஆடியிலீங்க. நோம்பிக்கு முந்தின ஞாயித்துக்கெழமை." "எங்க, யார்கூடன்னு ஞாபகம் வந்துதா?" "இல்லீங்க. அந்தக் கடைக்கு நடந்து போயும் பாத்துட்டனுங்க. எந்தப் பக்கம் திரும்புனேன், ஆரப் பாத்தேன்னு ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாக்கறேன். கொத்தமல்லி வாங்குனது வரைக்கும் வருதுங்க. குடிச்சது மட்டும் வர மாட்டீங்குது." சம்பூர்ணத்துக்கு இது தெரியாது. அந்தக் கடைக்குத் திரும்ப நடந்து போயிருக்கிறார், எத்தனை தரமோ, இல்லாத ஒரு இடத்தைத் தேடிக்கொண்டு. டாக்டரம்மா பேனாவை மேஜையில் தட்டினார்கள். "வேன் ஓட்டறதப் பத்திக் கேட்டிருந்தீங்க இல்லயா. குடிச்சதே ஞாபகம் இல்லைன்னா, நான் எப்படி ஓட்டலாம்னு சொல்றது? குழந்தைங்க இருக்கற வண்டி. தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம். வண்டி இனிமே வேண்டாங்க, வேற வேலை பாருங்க." "சரிங்க டாக்டர்" என்றார் அவர். உடனே சொன்னார். முன்பே தெரிந்த பதில் போல, காக்கிச் சட்டையின் மேல்பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சரி என்று சொல்லிவிட்டாரே, இத்தோடு முடிந்ததே, எழுந்து போய்விடலாமே என்று ஒரு நினைப்பு, அதற்குள் அவள் வாய் பேச ஆரம்பித்திருந்தது. "அன்னிக்கு இவரு குடிக்கலீங்க." டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். "நாந்தானுங்க குடுத்தேன். பசிக்கட்டும்னு அரிஷ்டம். அரை டம்ளர் ஊத்திக் குடுத்தேன். அதுல இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க, இப்பத்தான் நர்ஸம்மா சொன்னாங்க. குடிச்சுட்டு உடனே கடைக்குப் போனாரு, வரப்ப மூஞ்சி செவந்து வந்தாரு. நாங்கதான் அடிச்சோம். நாந்தான் வேனைக் குடுக்காதீங்கன்னு போன் பண்ணுனேன். இவரு மூளைல ஒண்ணுமில்லீங்க. நடக்காதது எப்பிடிங்க ஞாபகத்துக்கு வரும்?" நினைத்ததுபோல் அழவில்லை, துணியில் இருக்கிற ஓட்டையைச் சூப்பர்வைசருக்குக் காட்டுகிற குரலில்தான் வந்தது. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்கள். எவ்வளவு ஊற்றினீங்க, மாத்திரை எப்போ கொடுத்தீங்க என்று ஏதோ கேட்டார்கள், அவளும் ஏதோ சொன்னாள். அவர் பக்கம் திரும்பத்தான் தைரியம் வரவில்லை. திட்டுவார், எழுந்து போவார், இத்தனை வருசத்துக்கு ஒரே நாளில் பழிதீர்ப்பார், தீர்க்கட்டும். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. அவர் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அன்னிக்கு நான் குடிக்கலயா?"

"குடிக்கலீங்க."

"நல்லாத் தெரியுமா உனக்கு?"

"நல்லாத் தெரியுங்க."

அவர் தன் கையைப் பார்த்தார். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த கட்டைவிரல் நின்றுவிட்டது. டாக்டரம்மா கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் அவள் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"பாப்பாகிட்ட நீயே சொல்லிப்போடு புள்ள. நான் சொன்னா அவ நம்ப மாட்டா."